கடை மூடிய மாதத்து வாடகை யார் கணக்கில்?

(தொலைக்காட்சிக் கருத்துமேடையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நாடு முழுவதும் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கின. மளிகைக்கடை, மருந்துக்கடை, வங்கி, பெட்ரோல் நிலையம் போன்ற அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் அனுமதி. உணவகங்கள் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். உட்கார வைத்துப் பரிமாறக் கூடாது. மற்றவர்கள் அனைவரும் மூட வேண்டும். இதற்கு ஆதாரமாக இருந்தது 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். வணிகர்கள் இதனை 342ஆம் சட்டம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதன் கீழ் போடப்பட்ட விதிமுறைகளை மீறினால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்ந்து.

நோய் பரவும்போது கடையை மூடச் சொல்லும் அதிகாரம் ஓர் அரசாங்கத்துக்கு வேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தையும் விதிமுறைகளையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை புரட்டினாலும் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. மூடச் சொன்ன கடைக்கு வாடகை யார் கொடுப்பது? மூடியிருந்த நாளுக்குச் சம்பளம் யார் பொறுப்பு? மண்டபத்துக்குக் கட்டிய முன்பணம் யாருக்குச் சொந்தம்? நஷ்டம் என்று ஒன்று வந்துவிட்டது. அதை யார் தலையில் ஏற்றுவது என்று சட்டம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பலம் குறைந்தவர் தலையில் அது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். சித்திரைப் புத்தாண்டுக்கும் வைகாசித் திருமணங்களுக்கும் சேர்த்துச் சரக்கு இறக்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் கதவு இறங்குகிறது. ஏப்ரல் முதல் தேதி வாடகை கட்ட வேண்டும். கடைக்காரர் வழக்கறிஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால் கிடைக்கும் பதில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு, அதில் சொல்லப்பட்ட செயல் செய்ய முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது அந்தப் பிரிவு.

கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு முள் உண்டு. ஒன்று, ஒப்பந்தம் செல்லாது என்றால் முழுவதுமாகச் செல்லாது. மூன்று மாதத்துக்கு மட்டும் நிறுத்தி வைத்து, பிறகு தொடரலாம் என்ற பேச்சே அதில் இல்லை. பத்து ஆண்டுகளாக வாடிக்கையாளர் தேடி வரும் இடத்தை விட்டுவிடவா கடைக்காரர் சட்டத்தைப் புரட்டுகிறார்? மற்றொன்று, சில மாதத் தடங்கலை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ஒரு கிடங்கு. பத்து ஆண்டுக் குத்தகை. கிடங்குக்குப் போகும் ஒரே தெருவை, அங்கிருந்த இடிந்து விழும் நிலைக் கட்டடம் ஒன்றுக்காக நகராட்சி மூடிவிட்டது. ஏறக்குறைய 20 மாதங்கள் லாரி போக வழியில்லை. வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்று குத்தகைக்காரர் வாதாடினார். 1981இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை, பத்து ஆண்டில் 20 மாதம் போனதற்காக ஒப்பந்தம் முறிந்துவிடாது, வாடகையைக் கட்டு என்று சொல்லிவிட்டது. நம் நாட்டு வழக்கறிஞர்களும் படித்து வந்த வழக்குதான் இது. 20 மாதத்துக்கே அந்தத் தீர்ப்பு என்றால், மூன்று மாதம் மூடிய துணிக்கடைக்காரர் எதை நம்பி நீதிமன்றப் படி ஏறுவார்?

ஆகவே பழைய சட்டம் உதவாது. புதிய சட்டம்தான் வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

அண்டை வீட்டில் நடந்தது

இதே நெருக்கடி ஜோகூர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் வந்தது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்ப்பரவல் முறியடிப்புக் காலம் தொடங்கியது. அதே நாளில் நாடாளுமன்றத்தில் கோவிட்-19 தற்காலிக நடவடிக்கைகள் மசோதா கொண்டுவரப்பட்டு, அன்றைக்கே நிறைவேறியது. கதவை மூடு என்ற அதிகாரமும், மூடியவனை வெளியே தள்ளாதே என்ற பாதுகாப்பும் ஒரே சட்டத்தின் இரண்டு பகுதிகள். ஒப்பந்தப் பாதுகாப்புப் பகுதி ஏப்ரல் 20இல் நடைமுறைக்கு வந்தது. கடை வாடகை, கட்டுமானம், நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலா போன்ற ஒப்பந்தங்கள் அதில் அடங்கின. மார்ச் 25க்கு முன்பே கையெழுத்தான ஒப்பந்தமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கடைக்காரர் செய்ய வேண்டியது, நிவாரணம் கோருகிறேன் என்று உரிமையாளருக்கு ஓர் அறிவிப்பு அனுப்புவது. அதன்பிறகு அந்தக் காலம் முடியும் வரை குத்தகையை முறிக்கவோ கடையைக் காலி செய்யச் சொல்லவோ முடியாது. தகராறு வந்தால் மதிப்பீட்டாளர் ஒருவர் விசாரிப்பார். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. மேல்முறையீடும் இல்லை. வழக்குச் செலவுக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் சிறு வணிகருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, வழக்கறிஞர் கட்டணச் சீட்டை ஒருமுறை பார்த்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் அந்தச் சட்டமும் முதலில் வாடகையைத் தள்ளிப் போட்டதே தவிர, தள்ளுபடி செய்யவில்லை. ஆறு மாதம் கழித்து மொத்தமாகக் கட்டு என்றால் அது உதவியா, பெரிய கடனா? அந்தக் கேள்வி அங்கேயும் எழுந்தது. ஜூன் 5ஆம் தேதி திருத்தம் வந்தது. ஆண்டு வருமானம் 100 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாத சிறிய, நடுத்தர நிறுவனங்களில், தகுதி பெற்ற சில்லறைக் கடைகளுக்கு நான்கு மாத வாடகை வரை தள்ளுபடி. தொழிற்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் அதில் பாதி. தள்ளுபடியில் ஒரு பாதியை அரசாங்கம் ஏற்றது. மறு பாதி கட்டட உரிமையாளர் தலையில். அந்த மறு பாதியைப் பெறக் கடையின் வருமானம் ஏப்ரல், மே மாதங்களில் முந்திய ஆண்டைவிட 35 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். வாடகையையே நம்பி வாழும் சிறு உரிமையாளர் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள விண்ணப்பிக்கவும் வழி இருந்தது.

இந்தத் திட்டத்தில் எல்லாம் சரியென்று சொல்லிவிட முடியாது. சொந்தப் பணத்தில் கட்டடம் வாங்கியவரை, நீ இரண்டு மாத வாடகையை விட்டுக்கொடு என்று சட்டம் போட்டுச் சொல்வது சாதாரண நாளில் யாரும் கேள்விப்படாத ஒன்று. ஆனாலும் நஷ்டத்தை அரசாங்கம், உரிமையாளர், வாடகைக்காரர் என்று மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். பங்கு சரியா தப்பா என்று வாதாடலாம். பங்கே போடாமல் விட்டிருந்தால் வாதாடவும் ஒன்றும் இருந்திருக்காது.

ஏழு மாதம் கழித்து வந்த சட்டம்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2020 பிப்ரவரி இறுதியில் அரசாங்கம் கவிழ்ந்து மார்ச் மாதம் புதிய அரசாங்கம் அமைந்தது. மே 18ஆம் தேதி நாடாளுமன்றம் ஒரே ஒருநாள் கூடியது. மாமன்னரின் உரையோடு கலைந்தது. கோவிட்-19 தாக்கத்தைக் குறைப்பதற்கான தற்காலிக நடவடிக்கைகள் சட்டம் மக்களவையில் நிறைவேறும்போது ஆகஸ்டு மாதம் முடியப் போகிறது. மேலவையைத் தாண்டி அரசிதழில் வெளிவந்த நாள் அக்டோபர் 23. இதுதான் 829ஆம் சட்டம். கடைகள் மூடி ஏழு மாதங்கள் ஆகிவிட்டன.

அதன் 7ஆம் பிரிவு நல்ல பிரிவு. 342ஆம் சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளால் ஒருவர் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாமல் போனால், அதைக் காரணமாக வைத்து எதிர்த்தரப்பு தன் ஒப்பந்த உரிமைகளைப் பயன்படுத்த முடியாது. கட்டுமானம், அதற்கான பொருள் விநியோகம், தொழில்முறைச் சேவைகள், குடியிருப்பு அல்லாத கட்டடங்களின் வாடகை, திருமணம் உள்ளிட்ட நிகழ்ச்சி ஏற்பாடுகள், சுற்றுலா, சமயப் புனிதப் பயணம் ஆகியவை பட்டியலில் இருந்தன. மார்ச் 18ஆம் தேதியிலிருந்தே இந்தப் பாதுகாப்பு நடப்பில் இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் சட்டம் சொன்னது. இதுவரை சரி.

அடுத்து வருகிறது 10ஆம் பிரிவு. மார்ச் 18க்கும் சட்டம் வெளியான அக்டோபர் 23க்கும் இடையில் முறிக்கப்பட்ட ஒப்பந்தங்கள், பறிமுதலான முன்பணங்கள், தொடுக்கப்பட்ட வழக்குகள், பெற்ற தீர்ப்புகள் எல்லாம் சட்டப்படி செய்யப்பட்டவையாகவே கருதப்படும். அதாவது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டாகிவிட்டது.

இதன் விளைவைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே வரிசையில் இரண்டு கடைகள். இரண்டுக்கும் வெவ்வேறு உரிமையாளர்கள். இரண்டு கடைக்காரர்களும் மே மாதத்திலிருந்து வாடகை பாக்கி. முதல் உரிமையாளர் பொறுக்கவில்லை. ஜூலையில் அறிவிப்புக் கொடுத்து, குத்தகையை முறித்து, முன்பணத்தையும் எடுத்துக்கொண்டார். இரண்டாமவர், பாவம் மனுஷன், பிழைக்கட்டும், தீபாவளி வியாபாரம் நடந்தால் கொடுத்துவிடுவார் என்று காத்திருந்தார். நவம்பரில்தான் அவர் அறிவிப்பை எடுக்கிறார். சட்டம் யாரைத் தடுக்கிறது? காத்திருந்தவரை. அவசரப்பட்டவர் செய்ததற்கு முத்திரை குத்திக் கொடுக்கிறது. வாடகைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கதைதான். இரக்கமுள்ள உரிமையாளர் கிடைத்தவருக்குப் பாதுகாப்பு. கிடைக்காதவருக்கு ஒன்றும் இல்லை. பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவரைத் தவிர மற்றவருக்கு அது போய்ச் சேர்ந்தது.

ஏழு மாதத்தில் நடந்து முடிந்தவற்றை எல்லாம் திரும்பக் கலைக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காலியான கடையில் வேறொருவர் வந்துவிட்டார். தீர்ப்பு வாங்கியவர் பணத்தையும் வாங்கிவிட்டார். அதைக் கலைத்தால் வேறு குழப்பம் வரும். 10ஆம் பிரிவை எழுதியவர்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. தவறு அந்தப் பிரிவில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

இடைப்பட்ட காலத்தில் உரிமையாளர்களுக்கு அரசாங்கம் ஒரு சலுகை காட்டியது. சிறிய, நடுத்தர வணிகருக்கு 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் வாடகையைக் குறைத்தால், குறைத்த தொகைக்கு வரியில் கழிவு. ஏப்ரலிலிருந்தே அது கணக்கில் வந்தது. வங்கிக் கடன் தவணைகளும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டன. தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் விண்ணப்பமே தேவைப்படவில்லை. கடை லாட்டைக் கடனில் வாங்கியிருந்த உரிமையாளருக்குத் தவணை நின்றது. அவர் விரும்பினால் அந்த நிம்மதியைக் கடைக்காரரோடு பகிர்ந்துகொள்ளலாம். விரும்பினால். பல பேர் பகிர்ந்துகொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பணி ஓய்வுத் தொகையைப் போட்டு ஒரே ஒரு கடை லாட் வாங்கி, அதன் வாடகையில் மருந்து மாத்திரை வாங்கும் முதியவரும் உரிமையாளர்தான். அவரையும் பேரங்காடிக் கட்டடக்காரரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. 829ஆம் சட்டம் அந்த வேறுபாட்டுக்குள் போகவே இல்லை.

அந்தச் சட்டத்தில் வெளிச்சம் படாமல் போன இன்னொரு பகுதி உண்டு. வாடகை பாக்கிக்காகக் கடைச் சாமான்களைப் பறிமுதல் செய்ய 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உரிமையாளருக்கு வழி தருகிறது. நீதிமன்ற ஆணை பெற்று, அமீனா வந்து, தையல் இயந்திரம் முதல் கண்ணாடி அலமாரி வரை பட்டியல் போடுவார். 2020 மார்ச் 18 முதல் ஆகஸ்டு 31 வரையிலான வாடகைப் பாக்கியை அந்த ஆணையில் சேர்க்கக் கூடாது என்று 829ஆம் சட்டம் தடுத்தது. பாக்கி ரத்தாகவில்லை, சாதாரண வழக்குப் போட்டுக் கேட்கலாம். ஆனால் தொழில் செய்யும் கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. முடிதிருத்தும் நாற்காலி போய்விட்டால் முடிதிருத்துபவர் எதை வைத்துக் கடனை அடைப்பார்?

முடிதிருத்தும் நிலையங்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஏப்ரல் மாதம் அவை திறக்கலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. தொற்று அபாயத்தைச் சுட்டிக்காட்டிப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களில் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. கடைசியில் ஜூன் 10ஆம் தேதிதான் கதவு திறந்தது. இந்த நாட்டில் இந்தியர்கள் பெரும்பாலும் நடத்தும் தொழில்களில் இது ஒன்று. ஏறக்குறைய மூன்று மாதம் ஒரு ரிங்கிட் வருமானம் இல்லை. சட்டம் அப்போது மசோதாவாகக்கூட இல்லை.

சம்பளமும் கூரையும்

வாடகைக்கு அடுத்தது சம்பளம். மனிதவள அமைச்சு மார்ச் மாதமே தன் நிலையைச் சொல்லிவிட்டது. கட்டுப்பாட்டு ஆணைக் காலத்துக்கு முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆண்டு விடுப்பில் கழிக்கவோ, சம்பளமில்லா விடுப்பில் போகும்படியோ வற்புறுத்தக் கூடாது. முதலாளிகள் தரப்பு இதை எதிர்த்தது. வருமானமே இல்லாதபோது சம்பளம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். அதற்குப் பதிலாகத்தான் சொக்சோ வழியாகச் சம்பள உதவித் திட்டம் வந்தது. ஏப்ரல் 6ஆம் தேதி அறிவிக்கப்பட்ட திருத்தத்தின்படி, 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத சம்பளம் வாங்கும் ஒவ்வோர் ஊழியருக்கும் மாதம் 1,200 ரிங்கிட், மூன்று மாதத்துக்கு. பெரிய நிறுவனங்களுக்கு 800, 600 என்று குறையும். உதவி பெற்ற முதலாளி அந்த ஊழியரை மொத்தம் ஆறு மாதங்களுக்காவது வேலையில் வைத்திருக்க வேண்டும்.

சிறு வணிகரைக் காப்பாற்றிய திட்டம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் உள்நாட்டு ஊழியருக்கு மட்டும்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரர், பரோட்டா போடுபவர், முடிதிருத்துபவர் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற கடமை முதலாளிக்கு உண்டு. உதவித் தொகை கிடையாது. ஆள்குறைப்பு என்று வந்தால் ஒரே வேலையில் இருக்கும் உள்நாட்டு ஊழியருக்கு முன்பு வெளிநாட்டு ஊழியரைத்தான் நிறுத்த வேண்டும் என்பதும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60என் பிரிவில் உள்ள விதி. சரி, நிறுத்தினால் அவர் எங்கே போவார்? மார்ச் 22ஆம் தேதிக்குப் பிறகு இந்தியா வழக்கமான அனைத்துலக விமானங்களை நிறுத்திவிட்டது. மீட்பு விமானங்கள் மே 7ஆம் தேதிதான் தொடங்கின. வேலைப் பெர்மிட்டோ ஒரு முதலாளியின் பெயரில். வேறு கடைக்குப் போய்க் கைவேலை செய்தாலும் குற்றம். வேலையும் இல்லை, விமானமும் இல்லை, சட்டப்படி நிற்பதற்கு இடமும் இல்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துச் சோறு போட்ட முதலாளிகள் உண்டு, கைவிட்டவர்களும் உண்டு.

வேலை இழந்த உள்நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரு சிக்கல். நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டம் கொடுக்கும் கெடு 60 நாள்தான். தொழிலியல் உறவுத் துறைக்குப் போக வழியில்லாத காலத்தில் அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 18 முதல் ஜூன் 9 வரையிலான நாள்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று 829ஆம் சட்டம் சொன்னது. நல்லது. மார்ச் 10ஆம் தேதி வேலை போனவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீட்டித்த கெடு ஏறக்குறைய ஜூலை இறுதியோடு முடிகிறது. சட்டம் வெளிவந்தது அக்டோபர் இறுதியில். கெடு நீண்டது என்ற செய்தி, நீண்ட கெடுவும் முடிந்து மூன்று மாதம் கழித்து அதிகாரபூர்வமாகக் கிடைக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவருக்கு அதில் பயனில்லை.

தொழிலாளர் குடியிருப்புப் பற்றிய சட்டத்தின் கதை வேறு. 446ஆம் சட்டம் 1990இல் வந்தது. அதற்கு முன்பு 1966இல் ஒரு சட்டம் இருந்தது. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சட்டங்களின் பின்னணி சொல்லாமலே விளங்கும். ஏனெனில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அவை. தொழிற்சாலைக்கும் கட்டுமானத்துக்கும் அவை பொருந்தவில்லை. 2019இல் திருத்தம் செய்து, எல்லாத் துறைகளுக்கும் நீட்டித்து, 2020 ஜூன் 1ஆம் தேதி நடைமுறைப்படுத்தினார்கள். தங்கும் விடுதி என்றால் ஒரு தொழிலாளிக்கு மூன்று சதுர மீட்டர் தூங்கும் இடமாவது வேண்டும். தொழிலாளர் துறையின் சான்றிதழ் இல்லாமல் தங்க வைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம். திருத்தம் பெருந்தொற்றுக்கு முன்பே எழுதப்பட்டது; ஆனால் 2020 நவம்பரில் கிள்ளான் மேரு வட்டாரத்தில் கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தொற்றுப் பரவிய பிறகுதான் அது எதற்கு என்று எல்லாருக்கும் புரிந்தது. 2021 பிப்ரவரியில் அவசரகாலச் சட்டம் ஒன்றின் மூலம் தண்டனை 200,000 ரிங்கிட் வரை உயர்ந்தது.

சிங்கப்பூரும் இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரே நாளில் ஒப்பந்தச் சட்டம் போட்ட அந்த நாட்டில்தான், 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டு, ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே அடைபட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் பலர். 1,000 பேருக்குக் குறைந்த விடுதிகளுக்கு அங்கே அப்போது தனி உரிமச் சட்டம் இல்லை. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்துதான் ஏழு பேர் தங்கும் விடுதி வரை அந்தச் சட்டம் நீண்டது.

அபராதம் விஷயத்தில் மட்டும் நம் நாட்டில் தாமதம் ஏற்படவில்லை. 2021 ஜனவரியில் அவசரகாலம் பிரகடனமானது. நாடாளுமன்றம் கூடாத நிலையில், மார்ச் 11 முதல் கம்பவுண்ட் தொகை தனிநபருக்கு 10,000 ரிங்கிட், நிறுவனங்களுக்கு 50,000 ரிங்கிட் வரை ஏறியது. கிளந்தானில் இரவு பத்து மணியைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாக ஒரு பர்கர் வியாபாரிக்கு 50,000 ரிங்கிட் போடப்பட்டபோது நாடே கொதித்தது. எத்தனை பர்கர் விற்றால் 50,000 சேரும் என்று மக்கள் கேட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 342ஆம் சட்டத்தின் அபராதங்களை நிரந்தரமாக உயர்த்தும் மசோதா வந்து, எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது.

நிலைத்து நின்ற மாற்றங்களும் உண்டு. திவாலாக அறிவிக்கும் கடன் வரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ஆனது. தற்காலிகமாகத் தொடங்கி நிரந்தரமாகிவிட்டது. கடனுக்காக ஒரு நிறுவனத்தைக் கலைக்கக் கோரும் வரம்பு 10,000த்திலிருந்து 50,000 ஆனதும் அப்படியே. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய முடியும் என்று பெருந்தொற்று காட்டியிராவிட்டால் இந்தப் பிரிவுக்கு அவ்வளவு எளிதில் ஆதரவு கிடைத்திருக்காது.

ஆனால் வாடகைப் பாதுகாப்பு நிலைக்கவில்லை. 7ஆம் பிரிவின் காலம் நான்கு முறை நீட்டிக்கப்பட்டு, 2022 அக்டோபர் 22ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்து ஒரு நோய் வந்து மறுபடி கதவு இறங்கினால், 342ஆம் சட்டம் அன்று காலையே தயாராக இருக்கும். கடைக்காரர் கையில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், அவர் கையெழுத்துப் போட்ட தாளும்தான் இருக்கும். மூடும் ஆணை பிறக்கும் நாளிலேயே தானாக உயிர்பெறும் ஒப்பந்தப் பாதுகாப்பை 342ஆம் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அதற்கு இன்னொரு பெருந்தொற்று வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வணிகச் சங்கங்கள் வரிச்சலுகைக்கும் அந்நியத் தொழிலாளர் பெர்மிட்டுக்கும் மனுக் கொடுக்கும்போது இதையும் ஒரு தாளில் சேர்த்துக் கொடுக்கலாம்.

அதுவரைக்கும் அந்தக் கையெழுத்துப் போட்ட தாளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அதில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் உரிமையாளரின் வழக்கறிஞர் தயாரித்தது. கடைக்காரர் வாடகைத் தொகையையும் முன்பணத்தையும் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். இயற்கைப் பேரிடர், போர் என்று ஒரு பிரிவு இருந்தாலும், அரசாங்க ஆணையால் கடை மூடினால் என்ன ஆகும் என்ற வரி அதில் இருக்காது. இருந்தாலும், வாடகைக்கு அது பொருந்தாது என்று இன்னொரு வரி இருக்கும். குத்தகையைப் புதுப்பிக்க வரும்போது கேட்க வேண்டியது அதுதான். அரசாங்க ஆணையால் கடை முழுவதும் மூடியிருந்தால் வாடகை பாதியா, கால்பங்கா? உணவகம்போல் பொட்டலம் மட்டும் கட்டலாம் என்றால் எவ்வளவு? விட்ட மாதங்களைக் குத்தகையின் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமா? 2020ஐப் பார்த்த உரிமையாளர்கள் இந்தக் கேள்விகளை அபசகுனம் என்று ஒதுக்க மாட்டார்கள். காலியாகக் கிடக்கும் கடையின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் அவர்களுக்கும் உண்டு.

வாய்ப்பேச்சில் நடக்கும் கடைகளும் நம்மிடையே நிறைய. அப்பா காலத்து நட்பு, ஒப்பந்தம் எதற்கு என்பார்கள். நட்பு உள்ள தலைமுறை போய், உரிமையாளரின் பிள்ளை வந்ததும் ஒரு மாத அறிவிப்பில் விஷயம் முடிந்துவிடலாம். எழுதி வைத்தவர்களிலும் முத்திரைத் தீர்வை கட்டாதவர்கள் இருக்கிறார்கள். 1949ஆம் ஆண்டு முத்திரைத் தீர்வைச் சட்டப்படி, தீர்வை கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது. கட்டிவிட்டு வந்தால்தான் உண்டு, தாமதத்துக்கு அபராதத்தோடு. இன்னொன்று: வாடகை பாக்கி என்பதற்காக இரவோடு இரவாகப் பூட்டை மாற்றி வெளியேற்றும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. குத்தகை முடிந்த பிறகும் உள்ளே இருப்பவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை வேண்டும் என்று 1950ஆம் ஆண்டுத் தனிநிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. 2020இல் பூட்டு மாற்றப்பட்டதும் சாவியை நீட்டிவிட்டுப் போன கடைக்காரர்களுக்கு, பெருந்தொற்றுச் சட்டம் வருவதற்கு முன்பே இருந்த இந்தப் பாதுகாப்பை யாரும் சொல்லவில்லை.